லாரி டிரைவரின் தூக்கமும் வியாபாரியின் பொறுப்பும்



"விடியறதுக்குள்ள வண்டி கடை வாசல்ல நிக்கணும்." போனை எடுத்து இந்த வார்த்தையைச் சொல்லாத மளிகை வியாபாரி நம்மில் யாரும் இல்லை. நானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன்தான். அந்த வார்த்தைக்கு என்ன விலை என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் தெரிந்து கொண்டேன். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு நான் கேட்டும் படித்தும் அறிந்த சட்ட விவரங்களையும் நமது உறுப்பினர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

குடவாசலுக்கு ரயில் கிடையாது. விருதுநகர் பருப்பும் மிளகாய் வற்றலும், திருச்சி வெங்காயமும், கும்பகோணம் மொத்தக் கடைச் சரக்கும் லாரியில்தான் வந்தாக வேண்டும். அன்றைக்கு எனக்கு விருதுநகரிலிருந்து துவரம் பருப்பும் உளுந்தும் வந்தன. முதல் நாள் மாலை ஏற்றி, இரவு முழுவதும் ஓட்டி, சுமார் 300 கிலோமீட்டர் கடந்து காலை 6 மணிக்கு வண்டி கடைத்தெருவில் வந்து நின்றது. நான் கேட்ட நேரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இறக்க ஆள் இல்லை. சம்பா அறுவடை நேரம். லோடுமேன்கள் எல்லாம் நெல் கொள்முதல் நிலையங்களுக்கு இயக்க வேலைக்குப் போய்விட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி, ஆள் வந்துடும்" என்று சொன்னேன். பத்து மணிக்கும் சொன்னேன். இரண்டு மணிக்கும் சொன்னேன். கடைத்தெருவில் பஸ் வரும்போதெல்லாம் அவர் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக் கொண்டிருந்தார். படுக்க முடியவில்லை. இரவு 8 மணிக்குத்தான் கடைசி மூட்டை இறங்கியது. அவர் திருவாரூர் பக்கம் போய் ரிட்டன் லோடு ஏற்றிக் கொண்டு, மறுபடியும் நம் ஊர் வழியாகக் கும்பகோணம் நோக்கிப் போகும்போது மணி விடியற்காலை நாலரை. சைக்கிளில் பால் கேன் மாட்டிக் கொண்டு வந்த ஒரு பால்காரர் மீது வண்டி ஏறிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் ஒரு கால் போய்விட்டது.

போலீஸ் முதல் தகவல் அறிக்கையில் வழக்கமான வாசகம்தான் எழுதப்பட்டது: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." தூக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் இழப்பீட்டு வழக்கு நடந்தபோது என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். கடையின் சரக்கு வரவுப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள். வக்கீல் கேட்ட கேள்வி இரண்டே இரண்டு. வண்டி எத்தனை மணிக்கு வந்தது? எத்தனை மணிக்கு நீங்கள் விட்டீர்கள்? பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது: காலை 6, இரவு 8. அந்தப் பதினான்கு மணி நேரத்தை நான்தான் எடுத்துக் கொண்டேன் என்பதைப் படித்துக் காட்டியபோது, பால்காரரின் மனைவி எதிரே உட்கார்ந்திருந்தார்.

என் மீது வழக்கு இல்லை. வண்டி வாடகை வண்டி. தீர்ப்பு லாரி முதலாளி மீதும் இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் போனது. ஆனாலும் அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. டிரைவர் தூங்கியதற்கு யார் பொறுப்பு?

தூக்கம் என்பது சோம்பல் அல்ல

நம்மில் பலர் டிரைவர் தூங்கிவிட்டால் அவருடைய ஒழுக்கக் குறைவு என்று நினைக்கிறோம். டீ குடித்தால் சரியாகிவிடும், பீடி பிடித்தால் சரியாகிவிடும் என்கிறோம். உடல் அப்படி நடப்பதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்து வெளியிட்டார்கள். நமது மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் மது அளவு 30 மில்லி கிராம்தான். அதாவது ஒரு சொட்டு மது அருந்தாத டிரைவரும், தூங்காமல் ஓட்டினால், குடித்துவிட்டு ஓட்டுபவரைப் போலவே ஆகிவிடுகிறார். மதுவைக் கண்டுபிடிக்க ஊதும் கருவி உண்டு. தூக்கத்தைக் கண்டுபிடிக்க நம் சாலைகளில் அப்படி ஒரு கருவி கிடையாது.

கண் மூடாமலே மூளை சில வினாடிகள் தூங்கிவிடுவதும் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி நான்கு வினாடியில் 65 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் புளியமரம், அறுவடைக் காலத்தில் சாலை ஓரத்தில் காயும் நெல் என்று இருக்கும் நம் பக்கத்துச் சாலையில் 65 மீட்டருக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை உடல் தானாகவே தூக்கத்தைத் தேடும் நேரம். பகலில் மதிய உணவுக்குப் பின் 2 மணி முதல் 4 மணி வரையிலும் அதே நிலைதான். நமக்குச் சரக்கு வர வேண்டும் என்று நாம் கேட்கும் நேரமும், பால்காரரும் பூக்காரரும் பாதயாத்திரை பக்தர்களும் சாலையில் நடக்கும் நேரமும் இந்த முதல் நேரம்தான்.

2024 ஜூலை 17 அன்று விடியற்காலையில் தஞ்சாவூர் - திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சமயபுரத்துக்குப் பாதயாத்திரையாக நடந்து சென்றவர்கள் மீது சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். இந்தக் கணக்கில் பெரும்பகுதி அதிவேகம் என்ற தலைப்பின் கீழ் போய்விடுகிறது. வண்டி நேரே போய் மோதியிருக்கும். பிரேக் போட்ட தடமே சாலையில் இருக்காது. அப்படிப்பட்டவற்றில் எத்தனை தூக்கத்தால் நேர்ந்தவை என்பது அந்தத் தலைப்புக்குள் மறைந்துவிடுகிறது.

தூங்கிவிட்டேன் என்றால் சட்டம் விடுமா?

விடாது. 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. இரவு முழுவதும் ஆலையில் வேலை பார்த்துவிட்டுக் காரில் வீடு திரும்பிய ஒருவர் வழியில் தூங்கிவிட்டார். சாலையில் அணிவகுத்துச் சென்ற படைவீரர்கள் மீது கார் மோதியது. தூங்கும்போது தன்னறிவு இல்லையே, எப்படிக் குற்றமாகும் என்று வாதிட்டார்கள். தூங்கிய கணத்தில் அறிவு இல்லை என்பது சரி. ஆனால் தூக்கம் வருகிறது என்று தெரிந்த கணத்தில் அறிவு இருந்தது, அப்போதே வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

நம் நாட்டில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் அது 5 ஆண்டு வரை என்று உயர்ந்துவிட்டது. விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்ற 106(2) உட்பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆக, ஜெயிலுக்குப் போவது டிரைவர். பணம் கொடுப்பது யார்?

லாரி முதலாளியின் பொறுப்பு

வேலைக்காரர் வேலையின் போது செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. இது பழைய விதி. 1977ஆம் ஆண்டில் ரஞ்சித் ஜின்னிங் அண்ட் பிரஸ்ஸிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நன்றாக விளக்கியது. கம்பெனி மானேஜர் ஓட்டிய கம்பெனி கார் சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதி, உடன் வந்தவர் இறந்தார். கார் சாலையை விட்டு மரத்தில் மோதியதே அலட்சியத்துக்குச் சாட்சி, அலட்சியம் இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை என்று சொல்லி, கம்பெனியைப் பொறுப்பாக்கினார்கள். நள்ளிரவில் தூங்கிப் புளியமரத்தில் மோதும் லாரிக்கும் இது பொருந்தும்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்பதால் பெரும்பாலும் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும். ஆனால் டிரைவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை, வண்டிக்குப் பர்மிட் இல்லை என்றால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் அதைத் திரும்ப வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004 முதல் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. விபத்துக்கு யார் காரணம் என்று நிரூபிக்காமலே கோரும் வழியும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் அதில் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய்.

இவையெல்லாம் லாரி முதலாளியின் தலைவலி என்று நினைத்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இனி வருவது நம்முடையது.

சொந்த வண்டி வைத்திருக்கும் வியாபாரி

இன்று நம்மில் பலர் குட்டி யானை வண்டியோ மினி லாரியோ சொந்தமாக வைத்திருக்கிறோம். அப்போது லாரி முதலாளி நாம்தான். மேலே சொன்ன பொறுப்பு முழுவதும் நம் பெயரில் வந்து சேரும். பகல் முழுவதும் கடையில் மூட்டை தூக்கிய பையனை இரவு 10 மணிக்குத் திருச்சிக்கு வண்டி ஓட்டி அனுப்பி, காலையில் வெங்காயத்தோடு வரச் சொல்கிறோம். அவர் வந்ததும் மறுபடி கடையைத் திறக்கச் சொல்கிறோம். கணக்குப் பார்த்தால் 24 மணி நேரம் ஆகிவிடுகிறது.

லைசென்ஸ் பற்றி ஒரு சந்தேகம் நீண்ட நாளாக இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை, இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு உரிய லைசென்ஸ் வேண்டும். வண்டியை விற்றிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விடாதீர்கள். பெயர் மாறும் வரை பதிவில் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

வாடகைக்கு எடுக்கும் வியாபாரி

லாரி ஷெட்டில் சொல்லி ஒரு நடைக்கு வண்டி பிடித்தால், டிரைவர் லாரி முதலாளியின் ஆள். பொதுவாகப் பொறுப்பும் அவருடையதே. ஆனால் மாத வாடகைக்கு வண்டியையும் டிரைவரையும் எடுத்து, எப்போது கிளம்ப வேண்டும், எந்த வழி போக வேண்டும், எத்தனை நடை அடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நாமே சொன்னால் நிலைமை வேறு. 1997ஆம் ஆண்டில் ராஜஸ்தான் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில், தனியார் பஸ்ஸை டிரைவரோடு வாடகைக்கு எடுத்த கழகம், டிரைவர் தன் ஆள் இல்லை என்று வாதிட்டது. டிரைவர் யாருடைய கட்டளைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு ஓட்டினாரோ அவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உங்கள் இருவருக்குள் போட்டுக் கொண்ட ஒப்பந்தம் அடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பின் சாரம். அறுவடைக் காலத்தில் வண்டியை மாதக் கணக்கில் அமர்த்தும் அரிசி ஆலைக்காரர்களும் நெல் வியாபாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரக்கோடு போகும் கடைப் பையன்

சரக்கோடு ஆளை அனுப்புவது நம் வழக்கம். சரக்கின் உரிமையாளர் அல்லது அவரால் அதிகாரம் கொடுக்கப்பட்ட பிரதிநிதி சரக்கு வண்டியில் பயணம் செய்தால் 1994 திருத்தத்தின்படி இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. வழியில் ஏறிக் கொண்டவருக்கும், ஓசியில் ஊருக்குப் போகிறவருக்கும் கிடையாது என்று 2002 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே அனுப்பும் ஆள் கையில் கடை முத்திரையுடன் ஒரு கடிதம் இருக்கட்டும். அவரை கேபினில்தான் உட்கார வைக்க வேண்டும். மூட்டைகளின் மேல் அல்ல.

சரக்கு போனால்

லாரியின் மோட்டார் இன்சூரன்ஸ் நம் பருப்பு மூட்டைக்கு இல்லை. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும், மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டாத நிலையில், போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்கு என்று வரையறுத்திருக்கின்றன. 8,000 ரூபாய் வாடகைக்கு 8 லட்சம் ரூபாய் சரக்கு ஏற்றினால், வாய்க்காலில் விழுந்தபின் 80,000 ரூபாய்க்கு மேல் கேட்க வழியில்லை. சரக்குப் பயண இன்சூரன்ஸ் தனியாக எடுத்துக் கொள்வது நல்லது.

சட்டத்தின் மூன்று வார்த்தைகள்

டிரைவர் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வைத்தது. நெடுந்தூரத்துக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை விலக்கு. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போனால் நடுவில் அரை மணி ஓய்வு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆவது பிரிவு இதே நேரக் கணக்கைச் சுட்டியது. 1961 சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கே நேரடியாகப் பொருந்தியதால், ஒற்றை லாரி வைத்திருப்பவர்கள் அதை எட்டிப் பார்த்ததே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. நாளுக்கு 8 மணி என்ற அடிப்படை அதிலும் உண்டு. இன்னொரு செய்தி: தேசியப் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்த கட்டாயம் 2018இல் நீக்கப்பட்டது. இன்று நமக்கு வரும் பல வண்டிகளில் ஒரே டிரைவர்தான், கிளீனர்கூட இல்லை.

91ஆவது பிரிவைப் படித்தபோது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. குறித்த நேரத்துக்கு மேல் ஒருவர் தானும் வேலை செய்யக்கூடாது; பிறரை வேலை செய்ய வைக்கவும் கூடாது; செய்ய விடவும் கூடாது என்கிறது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது பற்றிய 194ஆவது பிரிவும் இதே முறையில்தான் இருக்கிறது. ஓட்டுபவர், ஓட்ட வைப்பவர், ஓட்ட விடுபவர் மூவருக்கும் அபராதம். 2019 செப்டம்பர் முதல் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கடைத்தெருவில் நின்று கொண்டு "பொறுங்க தம்பி" என்று பதினான்கு மணி நேரம் நிறுத்தி வைத்த நான் இந்த மூன்றில் யார்? சட்டம் அன்று என்னைக் கேட்கவில்லை. என் பதிவேடு கேட்டது.

வெளிநாடுகளில் சட்டமே கேட்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் நடைமுறையில் உள்ள கனரக வாகனச் சட்டம் 'பொறுப்புச் சங்கிலி' என்ற ஒன்றை வைத்திருக்கிறது. சரக்கை அனுப்புபவர், பெறுபவர், ஏற்றுபவர், இறக்குபவர், நேரம் குறித்துக் கொடுப்பவர் என அனைவரும் அந்தச் சங்கிலியில் கண்ணிகள். ஐரோப்பிய யூனியனின் 2006ஆம் ஆண்டு விதி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு என்று டிரைவருக்குச் சொல்வதோடு, அந்த ஓய்வுக்கு இடம் கொடுக்காத நேர ஒப்பந்தத்தைச் சரக்கு அனுப்புபவர் போடக்கூடாது என்றும் சொல்கிறது. நம் நாட்டிலும் ஒருநாள் இப்படி வரலாம். சட்டம் வந்து சொல்லும் முன் நாமே செய்து கொள்வது நமக்குப் பெருமை.

டிரைவரும் ஒரு குடும்பத்தின் பிள்ளை

டெல்லியிலிருந்து ஜார்க்கண்ட் மாநிலம் நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிய ஒரு டிரைவர், உடம்புக்கு முடியாமல் வண்டியைச் சாலையோர ஓட்டல் அருகே நிறுத்திவிட்டு மயங்கி விழுந்து இறந்தார். விபத்து இல்லை, மோதல் இல்லை. இயற்கை மரணம், இழப்பீடு கிடையாது என்று வாதிட்டார்கள். நெடுந்தூர ஓட்டத்தின் உடல், மன உளைச்சலுக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு உண்டு, வேலையினால் நேர்ந்த மரணம்தான் என்று 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறி, குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. சொந்த வண்டிக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் அவருக்கும் சேர்த்து பிரீமியம் கட்டியிருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

ஈ-வே பில் அவசரம் என்பது உண்மையா?

"பில் தேதி முடிஞ்சிடும், சீக்கிரம் ஓட்டு" என்றும் சிலர் சொல்கிறோம். 2021 ஜனவரி முதல் ஈ-வே பில் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் செல்லும். அந்த முதல் நாள் என்பது மறுநாள் நள்ளிரவில்தான் முடிகிறது. விருதுநகரிலிருந்து நம் ஊருக்கு 300 கிலோமீட்டர் என்றால் இரண்டு நாள். அதற்கும் மேல் போனால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்துக் கொள்ளலாம். ஆக, டிரைவர் வழியில் ஐந்து மணி நேரம் தூங்கினால் ஈ-வே பில் காலாவதி ஆகாது. அவசரம் பில்லில் இல்லை. நம் மனதில்தான் இருக்கிறது.

நம்மால் செய்யக் கூடியவை

1. வண்டியை விடியற்காலைக்கு வரச் சொல்வதற்குப் பதில் காலை 9 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். துவரம் பருப்பும் உளுந்தும் ஆறு மணி நேரத்தில் கெட்டுப் போகிற சரக்கு அல்ல. காய்கறி, பூ, பால் வேறு விஷயம். மளிகைக்கு அந்த அவசரம் தேவையில்லை.

2. லோடுமேன்களிடம் நேரம் உறுதி செய்து கொண்ட பிறகு வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள். குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் ஆள் கிடைப்பது கடினம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் சரக்கு வரவழைத்தால் இறக்குக் கூலியும் குறையும்.

3. காத்திருக்க நேர்ந்தால் டிரைவரை வண்டியிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். வண்டியைக் கடைத்தெருவுக்கு வெளியே நிழலில் நிறுத்தச் சொல்லி, குடோனில் ஒரு பாயும் மின்விசிறியும் கொடுங்கள். குளிக்கத் தண்ணீரும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தால் நம் லாபம் குறைந்துவிடாது.

4. கிளம்பும்போது "எப்போ தூங்கினீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தூங்கவில்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். டீ வேலை செய்யவே சுமார் அரை மணி நேரம் ஆகும்; அதுவும் தூக்கத்தைத் தள்ளிப் போடுமே தவிர தீர்க்காது. இருபது நிமிடத் தூக்கம் கொஞ்ச தூரத்துக்குத் துணை. முழு இரவு விழித்தவருக்கு முழுத் தூக்கம்தான் மருந்து.

5. தாமதமானால் வாடகையில் பிடிப்போம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சுத்தான் தூக்கம் வரும்போதும் டிரைவரின் காலை ஆக்சிலேட்டரில் வைக்கிறது. நம்மால் தாமதமானால் ஹால்டிங் பணத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

6. சொந்த வண்டி என்றால் டிரைவர் லைசென்ஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட் நான்கின் காலாவதித் தேதிகளையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேல் மாட்டி வையுங்கள். பகலில் கடை வேலை பார்த்தவரை அன்று இரவே வண்டி ஓட்ட அனுப்பாதீர்கள்.

7. மாத வாடகைக்கு வண்டி எடுப்பவர்கள் ஓய்வு நேரத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் கடைக்குச் சரக்கு முதலில் வந்துவிடுமே என்ற அச்சம் இருக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் சங்கம் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மளிகை லோடு இறக்குவதில்லை, அந்த நேரத்துக்கு வந்து சேரும்படி யாரையும் வற்புறுத்துவதில்லை என்று ஒரு ஊரின் கடைக்காரர்கள் சேர்ந்து தீர்மானம் போட்டால், யாருக்கும் நஷ்டம் இல்லை.

என் கடைப் பதிவேட்டில் இப்போது இரண்டு காலம் கூடுதலாக இருக்கிறது. வண்டி வந்த நேரம், விட்ட நேரம் என்பவற்றோடு, டிரைவர் கடைசியாகத் தூங்கிய நேரம், இங்கே ஓய்வெடுத்த நேரம் என்று எழுதுகிறோம். முதலில் கணக்குப்பிள்ளை சிரித்தார். இப்போது நான் இல்லாத நாளிலும் அவரே கேட்டு எழுதிவிடுகிறார். கால் போன அந்தப் பால்காரர் இன்று தன் வீட்டு வாசலில் சின்னப் பெட்டிக் கடை வைத்திருக்கிறார். சரக்கு நம் கடையில்தான் வாங்குகிறார். ஒரு நாளும் அந்த விபத்தைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. அவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலை 6, இரவு 8 என்ற இரண்டு எண்களும் என் நினைவுக்கு வருகின்றன.

வணிகப் பெருமக்களே, அடுத்த லோடுக்குப் போன் செய்யும்போது அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்: "தூங்கிட்டு வாங்க தம்பி. சரக்கு பொறுக்கும்."